ரசிகர் மாநாட்டில் ஒரு நாள்

'ரசிகர்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லைக் காற்று வீசும் விசிறியோடு வேண்டுமென்றே மயக்கி, 'நான் அவருடைய விசிறி' என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கிய தமிழ்நாட்டார், அந்த வேடிக்கையையே வழக்காக்கி விட்டனர். ஆங்கிலச் சொல்லோ, வெறி கொண்டவர் என்னும் பொருளுடைய நீண்டதொரு சொல்லின் குறுக்கம் என்பர். ஆக, ஒரே மனிதனை ஆங்கிலேயன் வெறியன் என்றான். நாம் வடசொல்லைத் தழுவிச் சுவைஞன் என்றோம். பிறகு கேலியாக விசிறி என்றோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பல்லாண்டுகளாகச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி வரும் நமக்கு, இவற்றுள் எது பொருத்தமான சொல் என்னும் ஐயம் அலுவலகத்தில் எழுந்ததே இல்லை. அதற்குரிய கோப்பு எதுவும் நம் மேசைக்கு வந்ததில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், டில்லி ஓக்லாவில் நடைபெற்ற காமிக் கான் என்னும் ரசிகர் மாநாட்டிற்கு முதன்முறையாகச் சென்றபோதுதான் மூவகையினரையும் ஒரே மைதானத்தில் கண்டோம்.

மாநாடு என்றவுடன் தலைமையுரையும் தீர்மானங்களும் நன்றி நவிலலும் நம் நினைவுக்கு வருகின்றன. இங்கே தீர்மானமும் இல்லை, நன்றி நவிலலும் இல்லை. படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் வீரர்களை விரும்புவோர் திரண்டு, அவற்றை எழுதியவரையும் வரைந்தவரையும் நடித்தவரையும் நேரில் காண்பது. புத்தகங்களும் பொம்மைகளும் வாங்குவது. மனம் விரும்பிய பாத்திரத்தின் வேடம் புனைந்து உலாவுவது. இவையே அங்கு நடப்பன. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் பாதியையும் புத்தகக் கண்காட்சியில் பாதியையும் சேர்த்துப் பிசைந்தால் என்ன கிடைக்குமோ, அதுவே இது என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

இவ்வழக்கம் எங்கே தோன்றியது என்று பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. 1937-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், விஞ்ஞானக் கதைகளை விரும்பிப் படிக்கும் சுமார் இருபது பேர் ஒன்று கூடினர். கூடிய இடம் பிரம்மஞான சபையின் மண்டபம்! சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சபையின் கூரையின்கீழ் ரசிகர் மாநாட்டின் முதற் குழந்தைகளுள் ஒன்று பிறந்தது என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை. அன்று அங்கு வந்திருந்தவர்களுள் ஆர்தர் சி. கிளார்க் என்னும் இளைஞரும் ஒருவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்று, 1956 முதல் இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்ட எழுத்தாளர் அவரே. அன்று அவரும் வெறும் ரசிகர்தாம்.

இரண்டாண்டுகள் கழித்து, 1939 ஜூலையில், நியூயார்க்கில் ஏறத்தாழ 200 பேர் கூடித் தங்கள் கூட்டத்திற்கு 'உலக' மாநாடு என்றே பெயரிட்டனர். அவ்வாண்டு அந்நகரில் உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தமையால் பெயரும் அதனைத் தொட்டுக்கொண்டது. ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்பவரும் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும், எதிர்காலத்து மக்கள் உடுப்பர் என்று கருதப்பட்ட உடையில் அங்கு வந்து சேர்ந்தனர். உடைகளைத் தைத்தவர் அப்பெண்மணியே. இன்று உலகெங்கும் 'காஸ்பிளே' என வழங்கும் வேடப்புனைவுக்கு அதுவே பிள்ளையார் சுழி. காஸ்பிளே என்னும் சொல் மட்டும், உடையையும் ஆட்டத்தையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி, 1980-களில் ஜப்பானியர் ஆக்கிக்கொண்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த முதல் உலக மாநாட்டிலேயே, கருத்து வேற்றுமை காரணமாக ஆறு ரசிகர்களை உள்ளே விடவில்லை. இருநூறு பேரில் இரு கட்சி! வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களில் பழகிய நேயர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

இவற்றுள் இன்று மிகப் பெரும் பெயர் பெற்றிருப்பது கலிபோர்னியாவின் சான் டியாகோ மாநாடு. 1970 ஆகஸ்டில் ஒரு ஹோட்டலில் சுமார் 300 பேருடன் தொடங்கிய அது, இப்போது ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஈர்க்கிறது. ஆயினும் நம் மனத்தைத் தொட்டது வேறொரு கூட்டம். 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரை அமெரிக்க நிறுவனம் 1969-இல் மூன்றே பருவங்களுடன் நிறுத்திவிட்டது. பார்ப்பார் போதவில்லை என்பது காரணம். 1972 ஜனவரியில் அத்தொடரின் ரசிகர்கள் நியூயார்க்கில் ஒரு கூட்டம் கூட்டினர். சில நூறு பேர் வருவர் என்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமே காட்சிப் பொருள்களை அனுப்பி வைத்தது. தன் வீட்டுக் கூடத்தில் தனியே அமர்ந்து, 'இதை விரும்புபவன் நான் ஒருவன்தானோ' என்று எண்ணியிருந்த ஒவ்வொருவனும், அன்று தன்னைப் போன்ற பிறரைக் கண்டான். அந்த மகிழ்ச்சியை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. டில்லிப் பேருந்தின் நெரிசலில் யாரோ ஒருவர் காலை மிதிக்க, மற்றொருவர் 'அடடா' என்று தம்மை மறந்து தமிழில் கூவினால், நான்கு வரிசைக்கு அப்பாலிருந்து நம் தலை திரும்புகிறதே, அந்த மகிழ்ச்சிதான் அது.

நம் நாட்டில் முதல் காமிக் கான் 2011 பிப்ரவரியில், டில்லியின் கைவினைச் சந்தையான டில்லி ஹாட்டில் நடைபெற்றது. அமர் சித்திரக் கதைகளை 1967-இல் தொடங்கிய அனந்த் பாய் அவர்களுக்கு அம்மேடையில் வாழ்நாள் சாதனைக்கான விருது அறிவிக்கப்பெற்றது. தொலைக்காட்சி வினாப் போட்டியொன்றில் கிரேக்கப் புராணக் கேள்விகளுக்கு விடை சொன்ன மாணவர்கள், இராமனின் தாய் யார் என்ற கேள்விக்கு விழித்ததைக் கண்டு அவர் அப்பணியில் இறங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. விருது வழங்கிய நாள் பிப்ரவரி 19. அம்மாதம் 24-ஆம் நாள் அவர் காலமானார். மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குப் 'பாய் மாமா'வாக இருந்தவருக்கு, ரசிகர்கள் தங்கள் மரியாதையைச் செலுத்த ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன. அதன்பின் பெங்களூர், மும்பை, ஐதராபாத் என்று பல நகரங்களுக்கும் இம்மாநாடு பரவியது. 2024 பிப்ரவரியில் சென்னையும் முதன்முறையாக அதனைக் கண்டது. ஆதலின், வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலருக்கு இது தங்கள் நகரத்திலேயே காணக் கிடைப்பதுதான்.

படக்கதை என்றால் குழந்தைகளின் பொழுதுபோக்குத்தானே, நடுவயது அரசாங்க ஊழியருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமக்குள்ள உறவு பழையது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வாடகை நூல்நிலையத்தின் பெஞ்சில் அமர்ந்து நாம் படித்தவை சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும். இரும்புக்கை மாயாவியை அறியாத பையன் அக்காலத்தில் எங்கள் தெருவில் கிடையாது. அக்கதை பிரிட்டிஷ் வார இதழொன்றில் 1962-இல் வெளிவரத் தொடங்கியது; அதன் படங்களைத் தீட்டிய ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர்; தமிழில் அவனைப் பேசவைத்தது சிவகாசி. மின்சாரம் பாய்ந்தால் மாயமாய் மறையும் அந்த மனிதன், காவிரிக் கரைப் பையனுக்கு அயலான் என்று ஒருபோதும் தோன்றவில்லை. எதனால்? பேச்சுக் குமிழுக்குள் இருந்த தமிழால். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் அடங்கும் குமிழுக்குள், வினைமுற்றும் வேற்றுமை உருபும் ஒட்டி நீளும் நம் சொற்களை அடைப்பது எளிதன்று. அவ்வேலையைச் செய்தவர் யாரென்று அட்டையில் தேடினால் பெயர் இராது. மொழிபெயர்ப்பில் நமக்கு முதல் ஆசிரியர் பெயரில்லாத அந்த மனிதரே என்று நாம் உறுதியாகச் சொல்வோம்.

மாநாட்டிற்கு எங்களை இழுத்துச் சென்றவள் நம் மகள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள்; வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். ஓராண்டாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் படக்கதை ஒன்று வரைந்துகொண்டிருந்தாள். குமிழ்களில் எழுதியது தமிழ். கும்பகோணத்திலுள்ள அவளுடைய பாட்டிக்கு வேறு மொழி தெரியாது என்பது அதற்கு அவள் சொன்ன காரணம். பதினோராம் வகுப்பில் எந்தப் பாடங்களை எடுப்பது என்னும் கேள்வி அந்த டிசம்பரில் எங்கள் வீட்டை இரண்டாகப் பிரித்திருந்தது. அவள் தாய் விஞ்ஞானப் பிரிவு என்றாள். மகள் ஓவியம் என்றாள். வீட்டுச் செலவுக் கணக்கை எழுதுபவள் தாய் ஆதலின் அவள் அச்சத்திற்கும் பொருள் உண்டு. மாநாட்டுக்கு வரும் ஓவியர் ஒருவரிடம் நோட்டைக் காட்டி, 'இது தேறுமா' என்று நேரே கேட்டுவிடுவது என்பது மகளின் திட்டம். அவர் பல ஆண்டுகளாகப் படக்கதை வரைபவர். அவளுடைய அலமாரியில் அவர் புத்தகங்கள் நான்கு உண்டு. விளம்பரம் வானொலிக்கு ஆகாது ஆதலின் அவர் பெயரை இங்கே சொல்லாது விடுகிறோம்.

மெட்ரோ இரயிலிலேயே மாநாடு தொடங்கிவிட்டது. எங்கள் பெட்டியில் சிலந்தி மனிதன் ஒருவன் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றான். சோதனைச் சாவடியில் முகமூடியைக் கழற்றிக் காட்டிவிட்டு மறுபடி அணிந்துகொண்டானாம். மூதாட்டி ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, குளிராதா என்று இந்தியில் கேட்டார். உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பதாக அவன் பணிவுடன் விடை சொன்னான்.

மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. நுழைவுச் சீட்டோடு ஒரு படக்கதைப் புத்தகத்தையும் கையில் தந்தனர். அட்டையை வெட்டி, வர்ணம் பூசி, பல இரவுகள் விழித்துச் செய்த கவசங்களைப் பூண்டு இளைஞர்கள் நடந்தனர். கடையில் வாங்கிய வேடத்தையும் கையால் செய்த வேடத்தையும் அவர்கள் ஒரு பார்வையில் பிரித்தறிகிறார்கள். கையால் செய்ததற்கே மதிப்பு அதிகம். வேடதாரியோடு படம் எடுக்க விரும்புவோர் முதலில் அனுமதி கேட்கவேண்டும் என்பது அங்கு எழுதாத சட்டம். கூத்து மேடையில் வேடம் கட்டியவரை ஊரார் அவர் பெயரால் அழையாமல் பாத்திரத்தின் பெயரால் அழைப்பதுபோல, இங்கும் 'வௌவால் மனிதரே, சற்று இப்படித் திரும்புங்கள்' என்பதே பேச்சு.

பெரிய மேடைக்கு நடிகர் ஒருவர் வந்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசிகள் உயர்ந்தன; நாங்கள் அவரைப் பெரும்பாலும் பிறருடைய கைப்பேசித் திரைகளில்தான் கண்டோம். நட்சத்திரத்தைக் காணும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்க மாநாடுகளில் நடிகரின் கையெழுத்துக்கு ஒரு கட்டணம், உடன் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கட்டணம் என்று வரையறுப்பது வழக்கம். வரிசை நகரும், அருகில் நிற்பாய், விளக்கு மின்னும், அடுத்தவர் வருவார். திருமலையில் 'ஜருகண்டி' கேட்டுப் பழகிய நமக்கு அது புரியாத ஏற்பாடன்று. தமிழ்நாட்டில் காசுக்கு அங்கே இடமில்லை, உரிமைதான் பேசும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்திலும் டிசம்பரிலும் கோடம்பாக்கத்து மண்டபத்தில் ரஜினிகாந்த் தம் ரசிகர்களை மாவட்டவாரியாக அழைத்து, ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டதை நேயர்கள் நினைவுகூரலாம். அந்தப் படத்தைச் சட்டமிட்டுத் தெய்வப் படங்களுக்கு அருகில் மாட்டியோரும் உண்டு. கட்டணம் கட்டிய ரசிகன் நட்சத்திரத்துக்குக் கடன்பட்டவன் அல்லன். கட்டாத ரசிகனோ வாழ்நாள் முழுதும் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், கட்டணமே கண்ணியம் என்பது நம் கருத்து. இல்லத்தரசியார் இதை ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு சிரிப்பது என்ன சிரிப்பு என்று கேட்டார்.

ஓவியர்களின் மேசைகள் மைதானத்தின் ஒரு புறத்தில் வரிசையாக இருந்தன. அங்கே ஆரவாரம் இல்லை. மேசைக்கு அப்பால் ஓவியர், இப்பால் வாசகர், நடுவே புத்தகங்கள். புத்தகம் வாங்கினால் கையெழுத்தோடு ஒரு சிறு கோட்டோவியமும் சிலர் போட்டுத் தந்தனர். நம் ஓவியரின் மேசைமுன் வரிசை இருந்தது. முக்கால் மணி நேரம் நின்றோம். முறை வருமுன் மகள், 'அப்பா, நீங்கள் இருவரும் சற்றுத் தள்ளி நில்லுங்கள்' என்றாள். தள்ளி நின்றோம், ஆனால் காது கேட்கும் தூரத்தில்.

அவர் நோட்டை வாங்கி, முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு சொன்னார்: 'எல்லாரும் கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார்கள், அல்லது முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். உனக்குக் கை வரைய வராது, இல்லையா?' மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காதுகள் சிவந்ததை நாம் கண்டோம். இருபது பக்கத்துக் கதையை வீட்டில் பலமுறை பார்த்த எங்கள் கண்ணில் இது படவே இல்லை. அவர் குமிழ்களைச் சுட்டி, இது எந்த மொழி என்று கேட்டார். தமிழ் என்றாள். 'எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துகள் சுவரில் இடிப்பது தெரிகிறது. உன் மொழிக்கு அகலம் வேண்டும்போலும். குமிழை முதலில் போடு. அதைச் சுற்றி ஆளை வரை' என்றார். முப்பது ஆண்டுகளுக்குமுன் சிவகாசியில் பெயரில்லாத ஒருவர் பட்ட பாட்டை, ஓர் எழுத்தும் அறியாமல் அவர் கண்டுகொண்டார்.

மகள் பிறகு கேட்டது நாங்கள் எதிர்பாராத கேள்வி. தேறுமா என்று கேட்கவில்லை. 'இதை வைத்துச் சாப்பிட முடியுமா?' என்றாள். அவர் சிரித்தார். பகலில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பதாகவும், படக்கதை இரவில் என்றும், திருமணமான பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் என்றும் மறைக்காமல் சொன்னார். அவள் நீட்டிய புத்தகத்தில் கையெழுத்தின் கீழே மூன்று கைகளை வரைந்தார்: ஒன்று மூடியது, ஒன்று விரித்தது, ஒன்று கோப்பை பிடித்தது. அவரோடு படம் எடுத்துக்கொள்ள நாம் கைப்பேசியை எடுப்பதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். படம் கிடையாது.

திரும்பும் வண்டியில் எவரும் அதிகம் பேசவில்லை. தாய் மட்டும், 'அவர் உள்ளதைச் சொன்னார்' என்றாள். இருவரும் அவர் தங்கள் கட்சிக்கே சாட்சி சொன்னதாக எண்ணியிருந்தனர் என்பது பிறகு தெரிந்தது. அன்றிரவு சமையலறை வாயிலில் அமர்ந்து மகள் வரையத் தொடங்கினாள். வெங்காயம் நறுக்கும் தாயின் கை. 'கையை அசைக்காதே அம்மா' என்று அவளும், 'அசைக்காமல் எப்படியடி நறுக்குவது' என்று இவளும் வாதாடிக்கொண்டிருந்தனர். அடுத்த ஒரு மாதம் வீட்டில் எவர் எதை எடுத்தாலும் பென்சில் பின்தொடர்ந்தது. தேர்வு நெருங்கியபோது தாய் நோட்டைப் பறித்துப் பூட்டினாள். முடிந்த அன்றே எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் பள்ளிப் படிவம் வந்தது. பௌதிகம், இரசாயனம், கணிதம், ஆங்கிலம் ஆகிய நான்கோடு ஐந்தாம் பாடமாக ஓவியத்தை எடுக்கலாம் என்பது அதில் இருந்தது. தாயும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் அமர்ந்து அதை நிரப்பினர். நம்மிடம் கையெழுத்து மட்டும் கேட்டனர். பத்துப் பேராவது சேர்ந்தால்தான் ஓவிய வகுப்பு நடக்கும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கடைசி நாளுக்கு முந்திய மாலைவரை எட்டுப் பேர். மகள் வகுப்புத் தோழிகள் அறுவருக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர்களுள் மூவர் தங்கள் வீட்டாரைச் சம்மதிக்க வைத்தனர். இப்போது பாட்டிக்கான கதையின் இருபத்தொன்றாம் பக்கம் வரைந்தாகிறது. பாட்டியின் கை இரண்டும் வெளியே இருக்கின்றன. ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் சுண்ணாம்பு.